செயல்பாட்டுக் காரணம்

அம்மான் விமான நிலையம்
ஏழாம் வாசல், ஜன்னலோர நாற்காலி
வியாழன், பகல் 1.20

பெருமதிப்பிற்குரிய அபூ ஹாஸிம் மாமா அவர்களுக்கு,

ஸலாம். இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், உங்கள் வீட்டாருக்குக் குறையாத நலத்தையும், உங்கள் வாசலுக்கு வருகிறவர்களுக்கு நேரத்தோடு வந்து சேரும் பாக்கியத்தையும் அருள்வானாக. நீங்கள் நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். நாங்கள் நலம் என்று எழுதுவதும் முறைதான், ஆனால் நான் கணக்குச் சரிபார்க்காமல் எதையும் எழுதுகிறவன் அல்ல. நாங்கள் பதினான்கு பேர். அதில் ஒன்பது பேருக்குக் கால் வீங்கியிருக்கிறது.

உங்களை மாமா என்று அழைக்க எனக்கு இன்னும் உரிமை வரவில்லை என்பது தெரியும். இன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும், எங்கள் ஜாஹாப் பெரியவர்கள் உங்கள் கூடத்தில் உட்கார்ந்து, முறைப்படி உங்கள் மகள் லுஜைனைப் பெண் கேட்டு, நீங்கள் சரி என்று சொன்ன பிறகு வந்திருக்க வேண்டிய உரிமை அது. "வியாழக்கிழமை அஸருக்கு உங்க ஆளுங்க வரலாம். வெள்ளிக்கிழமை என் தம்பி மகனுக்குப் பொண்ணு கேட்டு அவன் ஆளுங்க வர்றாங்க. முதல்ல வந்த கப்பலுக்குத்தான் முதல் இடம்" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. முப்பத்தொரு வருடம் அகபா துறைமுகத்தில் எந்தக் கப்பல் எந்த இடத்தில் நிற்கும் என்று முடிவு செய்தவர் நீங்கள். நான் இப்போது கடலிலும் இல்லை, துறையிலும் இல்லை. ஏழாம் வாசலில் இருக்கிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் சந்தித்த ஒரே தடவையில், "போன்ல சொன்னது சொன்னதாகாது. எழுதிக் கொண்டா" என்றீர்கள். எழுதித் தருகிறேன். தாள் கிடைக்காததால் விமான நிறுவனத்தின் புகார்ப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் சித்தப்பா மகன் நிதால் பொறுமை இழந்து பேருந்தில் கிளம்புகிறான். இதைக் கொண்டுவந்து உங்கள் வீட்டில் கொடுப்பான். பேருந்துக்கு நாலரை மணி நேரம். எனவே கடிதம் எனக்கு முன்னால் வந்து சேர நல்ல வாய்ப்பு இருக்கிறது.

பேருந்து என்று எழுதும்போதே கை கூசுகிறது, ஏனென்றால் விமானத்தில் போகலாம் என்று சொன்னவன் நான். எங்கள் ஜாஹாவுக்குத் தலைவர் என் பெரியப்பா அபூ ஷாஹிர். நகராட்சியின் முன்னாள் துணைத் தலைவர், கல்யாணம், சமாதானம், இரங்கல் மூன்றுக்கும் கூப்பிடப்படுகிற பேச்சாளர். அவர் பேருந்துதான் என்று ஒற்றைக் காலில் நின்றார். நான் ஒரு தாளில் கட்டம் போட்டுக் காட்டினேன்: சாலை நான்கு மணி முப்பது நிமிடம், ஆகாயம் ஐம்பது நிமிடம். பெரியப்பா தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரோட்டுல வண்டி நின்னா எறங்கித் தள்ளலாம்டா. ஆகாசத்துல எதைப் பிடிச்சுத் தள்ளுவ?" எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. புள்ளிவிவரம் என் பக்கம் இருந்தது.

காலை ஆறரைக்கு வந்துவிட்டோம். சோதனை வாசலில் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரண்டு தட்டு குனாஃபாவை நிறுத்தினார்கள். பாகு திரவமா இல்லையா என்று கேள்வி. பெரியப்பா "அது இனிப்பு" என்றார். அப்பா "அது பலகாரம்" என்றார். காவலர் முடிவெடுக்க முடியாமல், "உங்கள்ல யாராவது படிச்சவங்க இருக்கீங்களா" என்று கேட்க, பதின்மூன்று பேரும் பெருமையோடு என்னைக் கை காட்டினார்கள். நான் பம்பு நிலையத்தில் வேலை செய்கிறவன், மாமா. சாய்த்தால் ஓடுவது திரவம். அதைச் சொன்னேன். ஒரு தட்டை அங்கேயே நின்றபடி சாப்பிட்டோம். மற்றதை அந்தக் காவலர் நாட்டின் பாதுகாப்பு கருதி வாங்கி வைத்துக்கொண்டார். அதிலிருந்து பெரியப்பா என்னோடு நேராகப் பேசுவதில்லை; "அந்த எஞ்சினியர்கிட்ட சொல்லுங்க" என்று அப்பாவிடம் சொல்கிறார்.

எட்டு நாற்பதுக்குக் கிளம்ப வேண்டிய விமானம். அறிவிப்புத் திரையில் எட்டு நாற்பது ஒன்பதரை ஆனது, ஒன்பதரை பத்தே கால் ஆனது, பிறகு நேரமே போய் "செயல்பாட்டுக் காரணம்" என்ற இரண்டு வார்த்தை மட்டும் வந்து நின்றது. நான் கவுண்டருக்குப் போனேன். அங்கே பொறுப்பு அதிகாரி குதைபா, ஐம்பது வயது, கரக் ஊர்க்காரர், சட்டையின் மேல் பொத்தானை எட்டு மணிக்கே கழற்றிவிட்ட மனிதர்.

"என்ன காரணம்?" என்றேன்.

"செயல்பாட்டுக் காரணம்."

"எந்தச் செயல்பாடு?"

"விமானச் செயல்பாடு."

"எஞ்சினா, டயரா, பைலட்டா? ஒண்ணு சொல்லுங்க, நான் புரிஞ்சுக்குவேன்."

"தம்பி, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"தண்ணி பம்பு நிலையத்துல எஞ்சினியர்."

"ஒரு தெருவுக்குத் தண்ணி வரலைன்னு போன் வந்தா என்ன சொல்வீங்க?"

நான் திரும்பி வந்தேன். மாமா, நாங்கள் சொல்வது செயல்பாட்டுக் காரணம் என்றுதான்.

இனி நடந்ததைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இதன் ஒரு துண்டு வீடியோவாக வெளியே போய்விட்டது. பதினோரு மணிக்கு, பயணிகளைச் சமாதானப்படுத்தக் குதைபா காபி அனுப்பினார். பெரியப்பாவின் அங்கியையும் தாடியையும் பார்த்து மரியாதைக்காக முதல் கோப்பையை அவரே கையால் கொண்டுவந்து கொடுத்தார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான். பெண் கேட்கப் போன இடத்தில் கொடுக்கிற முதல் கோப்பையை, கேட்டது கிடைத்தது என்ற வார்த்தை வரும்வரை உதட்டில் வைக்கக் கூடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூன்று வாரமாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த மனிதர் பெரியப்பா. எதிரே அதிகாரத்தில் ஓர் ஆள், கையில் காபி, பின்னால் அங்கி போட்ட பதின்மூன்று பேர். கை தானாகக் கோப்பையைக் கீழே வைத்தது. வாய் தானாகத் திறந்தது. விமானத்தைக் கேட்கத்தான் எழுந்ததாக இப்போது சொல்கிறார். ஆனால் இறைவனைப் புகழ்ந்து தொடங்கி, "கடலோரத்தின் காவலர்களே" என்று மலைமேல் பிறந்த குதைபாவைப் பார்த்து அழைத்து, வேரையும் கிளையையும் நிழலையும் தொட்டு, ஏழு நிமிடம் பேசி, கடைசியில், "உங்க குணவதியான மகளை எங்க மகன் எஞ்சினியர் ஸுஹைபுக்குக் கேட்டு வந்திருக்கோம். நல்ல வார்த்தை கேட்காம இந்தக் காபியைத் தொடமாட்டோம்" என்று முடித்தார்.

அம்மானில் அந்த நேரத்தில் இருநூறு பேருடைய வசவு கேட்டு நொந்துபோயிருந்த மனிதர் குதைபா. ஏழு நிமிடம் யாரும் அவரைத் திட்டவில்லை என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். கடைசி வாக்கியத்தைக் கேட்டாரோ இல்லையோ, குனிந்து மார்பில் கை வைத்து, "கேட்டது கிடைச்சுது ஹாஜி. காபியைக் குடிங்க" என்றார்.

குடித்தார்கள். பதின்மூன்று பேரும் குடித்தார்கள். பின்வரிசையில் சுற்றுலா கிளம்பிய ஆசிரியைகள் கூட்டம் ஒன்று குலவை போட்டது. யாரோ என் கன்னத்தில் முத்தம் வைத்தார். யாரோ பேரீச்சம்பழம் சுற்றுக்கு விட்டார். யாரோ படம் பிடித்தார். நான் "இல்லை, இல்லை" என்று சொல்வது வெட்கத்தில் சொல்வதுபோல் பதிவாகியிருக்கிறது. எல்லாம் ஓய்ந்த பிறகு பெரியப்பா மீசையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "சரி, விமானம் எங்க?"

"எந்த விமானம்?" என்றார் குதைபா. "நீங்க பொண்ணைத்தானே கேட்டீங்க."

ஆக, மாமா, நான் இப்போது குதைபாவின் மகளுக்கு நிச்சயிக்கப்பட்டவன். நிச்சயத்துக்கு இருநூறு சாட்சிகள். நல்லவேளையாக அவருக்கு மகளே கிடையாது, மூன்றும் பையன்கள். வீடியோவில் அது வராது.

பெரியப்பா தோல்வியை ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கினார். கீழே வைத்தார். இந்த முறை சுருக்கமாக, "விமானம். அகபாவுக்கு. இன்னிக்கு" என்றார். சுற்றியிருந்த எல்லோரும் குதைபாவைப் பார்த்தார்கள். அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானையும் கழற்றினார். பிறகு எங்கள் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னார்:

"ஹாஜி, இல்லாத பொண்ணைத் தர்றேன்னு சொன்னா யாருக்கும் நஷ்டமில்ல. ஆனா விமானம்னு ஒண்ணு எங்கேயோ இருக்கு. அது வரும்னு நான் வார்த்தை குடுத்து, வரலைன்னா, கரக்ல என் மூஞ்சியில எவனாவது முழிப்பானா? என் வேலை போனாலும் போகட்டும், அந்த வார்த்தையை மட்டும் கேக்காதீங்க."

"அப்ப காபி இப்படியே இருக்கட்டும்" என்றார் பெரியப்பா.

"இருக்கட்டும்" என்றார் குதைபா.

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, எங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, விமானத்தைத் தவிர எல்லோர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த ஆசிரியைகள் தங்கள் கோப்பைகளைக் கீழே வைத்தார்கள். அவர்களைப் பார்த்து ஒரு பல் மருத்துவர் வைத்தார். ஒரு வெளிநாட்டுத் தம்பதி, இது உள்ளூர்ச் சட்டம்போல என்று நினைத்து, அவர்களும் வைத்தார்கள். இந்தக் கூடத்தில் இப்போது நூற்றுப் பதினேழு கோப்பைகள் தரையில் நிற்கின்றன, எண்ணிப் பார்த்தேன். துப்புரவு செய்கிற அம்மாள் நடக்க வழியில்லாமல், "மனுசங்க கல்யாணம் பண்றாங்களா, வயல்ல நாத்து நடறாங்களா" என்று கேட்டுக்கொண்டே போகிறார். காபிக் கடைக்காரர் ஒருவர்தான் சந்தோஷமாக இருக்கிறார்.

இதில் ஒரு தொழில்நுட்பப் பிரச்சினை இருக்கிறது. நம் முன்னோர்கள் இந்த வழக்கத்தைப் பீங்கான் கோப்பைக்கு வகுத்தார்கள். இது காகிதம். உள்ளே இருக்கிற மெழுகுப் பூச்சு சூடான காபியை இரண்டு, இரண்டரை மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் அடி இளகும். நான் இதைச் சொன்னதும் பெரியவர்களுக்குள் வாக்குவாதம் வந்துவிட்டது: கோப்பை தானாக ஒழுகிவிட்டால் குடித்ததாகக் கணக்கா, மறுத்ததாகக் கணக்கா? அப்பா, "தரை குடிச்சதாக் கணக்கு" என்றார். பெரியப்பா என்னை முறைத்துவிட்டு அப்பாவிடம், "அந்த எஞ்சினியர் வாயைத் திறக்காம இருந்தா கோப்பை ஒழுகாது" என்றார். கோப்பையின் அடியில் ஏற்கெனவே ஒரு பழுப்பு வட்டம் தெரிகிறது.

வீடியோ பன்னிரண்டு மணிக்கு அகபா போய்ச் சேர்ந்துவிட்டது. லுஜைனிடமிருந்து செய்தி வந்தது. "வாழ்த்துகள். பெண்ணின் பெயர் என்ன?" என்று ஒரு வரி. நான் முழுவதையும் விளக்கி, மகள் இல்லை, மூன்றும் பையன்கள் என்று எழுதினேன். அதற்கு, "அப்பா விடியற்காலையிலேயே உங்களை எதிர்கொள்ளப் போனவர், இன்னும் வீடு திரும்பவில்லை. நீங்கள் எந்த வீட்டு மாப்பிள்ளை என்பதை அவருக்கே எழுதுங்கள்" என்று பதில் வந்தது. பிறகு போனை அணைத்துவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம். நான் உங்கள் வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டுக்கும் மாப்பிள்ளை ஆக விரும்பவில்லை. இதை அலங்காரமாகச் சொல்ல எனக்கு வராது. ஒரு குழாயில் எந்தப் பக்கம் அழுத்தம் அதிகம் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக ஒரே பக்கம்தான்.

இன்னும் ஒன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இப்படி ஒரு விமானத்தை அரை நாள் எங்கோ பிடித்து வைத்திருக்கிற ஆள் யாராக இருந்தாலும், அவன் மூளையில் ஒருவழி வால்வைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். உள்ளே எதுவும் போகாது, வெளியே மட்டும் வரும். அவனை எங்கள் பம்பு நிலையத்துக்குக் கொண்டுவந்தால், ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் போதும், சரிசெய்து அனுப்புவேன். இந்தப் புகார்ப் படிவத்தின் முன்பக்கத்தில் "காரணமானவர் பெயர்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெயர் மட்டும் தெரிந்தால் ஐந்து தாளிலும் எழுதிக் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறேன்.

நான் வேண்டுவது ஒன்றுதான். எங்கள் இடத்தை வெள்ளிக்கிழமைக்காரர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள். கப்பல் தாமதம், ஆனால் கப்பல் உண்டு. அஸர் போனால் மஃரிப், மஃரிப் போனால் இஷா. பெரியப்பாவுக்கு இன்னும் ஒரு தடவை பேச மூச்சு இருக்கிறது, பேச்சை நான் எழுதி வாங்கிச் சரிபார்த்துவிட்டேன், பெண்ணின் பெயரும் தந்தையின் பெயரும் இந்த முறை தெளிவாக இருக்கும்.

அத்தைக்கு என் ஸலாம். கப்பலில் இருக்கும் உங்கள் மகன் ஹாஸிமுக்கு எழுதும்போது நானும் விசாரித்ததாக எழுதுங்கள். லுஜைனுக்கு நான் தனியாக எதுவும் சொல்வது முறையல்ல. மேலே சொன்ன குழாய் விஷயத்தை அவள் காதில் விழுகிற மாதிரி படித்தால் போதும். இறைவன் உங்கள் நிழலை நீளமாக வைக்கட்டும், உங்கள் கூடத்தின் காபி என்றும் ஆறாமல் இருக்கட்டும்.

உங்கள் பதிலுக்கு வாசலில் காத்திருக்கும்,
ஸுஹைப்

பி.கு. மணி 2.25. நிதால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறான், ஆனால் இதை எழுதியே ஆக வேண்டும். இந்தக் கடைசித் தாளை மட்டும் குதைபா போனில் படம் பிடித்து அகபா விமான நிலையத்து அதிகாரிக்கு அனுப்பப் போகிறார். மற்ற தாள்கள் பேருந்தில் வருகின்றன. எனவே நீங்கள் பின்குறிப்பை முதலில் படிப்பீர்கள். அதோடு நிறுத்திக்கொண்டால் நல்லது.

இப்போதுதான் குதைபா முகம் வெளுத்து வந்தார். "தம்பி, செயல்பாட்டுக் காரணம் யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார். என்ன என்று சொல்லாமல் யார் என்று சொன்னதும், பேனாவை எடுத்துப் படிவத்தை முன்பக்கம் திருப்பினேன். எங்களை ஏற்ற வேண்டிய விமானம் காலை ஏழரைக்கே வேறு பயணிகளோடு அகபாவில் இறங்கியதாம். அங்கிருந்து காலியாக இங்கே வர வேண்டியது. விருந்தாளி வருவதற்கு இரண்டு மணி முன்பே துறையில் நிற்கிற பழக்கமுள்ள ஒரு பெரியவர் அதைப் பார்த்து, இது அம்மான் விமானம்தானா என்று கேட்க, ஆமாம் என்றிருக்கிறார்கள். "என் விருந்தாளிங்க எங்க?" பதிலுக்குப் பதிலாகக் காபி கொடுத்திருக்கிறார்கள். பெரியவர் கோப்பையைக் கீழே வைத்து, "கப்பலானா என்ன, விமானமானா என்ன. சரக்கு எறங்காம கயித்தை அவுக்க விடமாட்டேன். என் விருந்தாளிங்களைக் காட்டுங்க, அப்புறம் இதைக் குடிக்கிறேன்" என்று விமானத்துக்குப் போகிற வழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாராம். அங்கிருக்கிற அதிகாரி முன்பு துறைமுகத்தில் அவருக்குக் கீழே குமாஸ்தாவாக இருந்தவராம். எழுந்திருங்கள் என்று சொல்ல நாக்கு வரவில்லை, மேலே எழுதிக் கேட்கவும் கூச்சம். ஏழு மணி நேரமாகச் செயல்பாட்டுக் காரணம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாமா, நான்காம் தாளில் வால்வு, ஸ்பேனர் என்று ஒரு பத்தி வரும். அது பம்பு நிலையச் சமாச்சாரம், உங்களுக்குச் சுவாரசியமாக இருக்காது, தாண்டிவிடுங்கள். "காரணமானவர் பெயர்" கட்டம் ஐந்து தாளிலும் காலியாகத்தான் இருக்கிறது. காலியாகவே இருக்கும்.

பெரியப்பாவின் கோப்பை இரண்டு பத்துக்கு அடி விட்டது. அதை அவர் கவனிக்கவே இல்லை. செய்தி கேட்டதிலிருந்து முகத்தில் ஒரு பிரகாசம். காலையிலிருந்து முதல் முறையாக என்னிடம் நேராகப் பேசினார். "டேய், புரியுதா? காபியைக் கீழ வெச்சுக் கேட்டது அவரு. கேட்டது நம்மள. பொண்ணு வீட்டுக்காரர் ஜாஹா வந்து மாப்பிள்ளையைக் கேட்டிருக்காரு. நம்ம வம்சத்துல இப்படி ஒரு கௌரவம் யாருக்குடா கிடைச்சுது? நல்ல வார்த்தை சொல்ல வேண்டியவங்க இப்ப நாம." மற்றப் பன்னிரண்டு பேரும் தலையாட்டினார்கள். குதைபாவும் ஆட்டினார், அவர் என் முன்னாள் மாமனார் என்ற முறையில் சாட்சிக் கையெழுத்தும் கீழே போட்டிருக்கிறார்.

எனவே ஜாஹாவின் சார்பில், பெரியவர்கள் ஒருமனதாகச் சொல்லச் சொன்னதை எழுதுகிறேன்.

கேட்டது கிடைத்தது, மாமா. காபியைக் குடியுங்கள்.